4. ஹாலை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

டிவி வாங்கக் கிளம்பும் முன் கையில் எடுக்க வேண்டியது இஞ்சு டேப். சோபாவில் நீங்கள் வழக்கமாகச் சாயும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை எத்தனை அடி என்று அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே, வீட்டில் யார் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள்: சீரியலா, செய்தியா, கிரிக்கெட்டா, ஓடிடி படமா, பிள்ளைகளின் கேமா. மூன்றாவது வரியில் அதெல்லாம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று எழுதுங்கள்: கேபிளா, டிடிஎச்சா, பிராட்பேண்டா. இந்த மூன்று வரியும் கையில் இல்லாமல் ஷோரூமுக்குள் நுழைந்தால், அங்கே சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் படங்கள் உங்களுக்காக முடிவெடுத்துவிடும்.

அந்தச் சுவரில் ஓடுவது டிவி கம்பெனிகளே தயாரித்த டெமோ. பவளப்பாறை மீன்கள், மெதுவாக விரியும் பூக்கள், இரவு நேர நகரங்கள் என்று குறையே தெரியாத காட்சிகளைப் பொறுக்கி வைத்திருப்பார்கள். டிவியும் கடைக்கென்றே உள்ள மோடில், பிரகாசமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் ஓடப்போவது அந்த மீன்கள் இல்லை. விற்பனையாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ‘செட்டாப் பாக்ஸ் சேனல் ஏதாவது போடுங்க தம்பி.’ உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு படத்தின் இருட்டுக் காட்சியைப் பென் டிரைவில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. பெரிய கடைகளில் மறுக்க மாட்டார்கள்.

எத்தனை இஞ்ச்?

டிவியின் அளவு என்பது திரையின் மூலைக்கு மூலை நீளம். இன்று வரும் டிவிகள் ஏறக்குறைய எல்லாமே 16:9 வடிவம் என்பதால் அந்த ஒரே எண்ணிலிருந்து அகலமும் உயரமும் கிடைத்துவிடும். 43 இஞ்ச் டிவியின் திரை சுமார் 37 இஞ்ச் அகலம், 21 இஞ்ச் உயரம். 55 இஞ்ச் என்றால் 48-க்கு 27. 65 இஞ்ச் என்றால் 57-க்கு 32. ஷோகேஸின் நடுவில் டிவிக்கென்று விட்ட இடத்தில் வைக்கப்போகிறவர்கள் இந்த அகலத்தோடு இரண்டு பக்கமும் காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

உட்காரும் தூரத்துக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. அடியை இஞ்சாக்கி 1.6-ஆல் வகுக்க வேண்டும். ஏழடி தூரம் என்றால் 84 இஞ்ச், வகுத்தால் 52. அங்கே 50 அல்லது 55 இஞ்ச் டிவி பொருந்தும். ஒன்பதடி என்றால் 65 இஞ்ச் வரை போகலாம். இந்த அளவில் திரை கண்முன்னே சுமார் 30 டிகிரி கோணத்தை நிறைக்கும். தலையைத் திருப்பாமல் படத்துக்குள் இருக்கும் உணர்வு வருவதற்கு அது போதும்.

இந்த விடையைச் சொன்னால் பெரியவர்கள் திகைப்பார்கள். ‘எட்டடி ஹாலுக்கு எதுக்குப்பா அவ்வளவு பெரிசு, கண்ணு கெட்டுடும்’ என்பார்கள். பிக்சர் டியூப் காலத்துப் பயம் அது. நல்ல தூரத்தில், அறை விளக்கு எரிய உட்கார்ந்து பார்த்தால் பெரிய திரையால் கண் கெடுவதில்லை. நெடுநேரம் இமைக்காமல் பார்ப்பதால் வரும் எரிச்சலும் உலர்வும் எந்த அளவுத் திரையிலும் வரும். ஆனாலும் அந்தக் கணக்கு தரும் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். உங்கள் தாளின் மூன்றாவது வரியில் சாதாரண கேபிள் மட்டும் இருந்தால் ஒரு படி சின்னதாக வாங்குவதே நல்லது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் வருவது எச்டிதானா?

சாதாரண எஸ்டி சேனல் ஒன்றின் படத்தில் அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள்தான் உண்டு. எச்டி ரெடி என்று விற்கப்படும் 32 இஞ்ச் டிவிகளில் 1366-க்கு 768, சுமார் 10 லட்சம். ஃபுல் எச்டியில் 1920-க்கு 1080, சுமார் 20 லட்சம். 4கே டிவியில் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். எஸ்டி சேனலை 4கே டிவியில் பார்க்கும்போது, திரையிலுள்ள ஒவ்வொரு 20 புள்ளிக்கும் ஒரு புள்ளிக்கான தகவல்தான் சிக்னலில் வருகிறது. மீதி 19-ஐ டிவிக்குள் இருக்கும் சிப் ஊகித்து நிரப்புகிறது. நல்ல சிப் ஓரளவு நம்பும்படி நிரப்பும். மலிவான சிப் முகங்களை மெழுகாக்கிவிடும்.

‘பழைய டிவியில நல்லாத்தானே தெரிஞ்சது’ என்று பலர் வருத்தப்படுவதற்குக் காரணம் இதுவே. 2006-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்தவை 14 இஞ்ச் டிவிகள். அவற்றில் படத்தின் உயரம் எட்டு இஞ்ச்சைச் சற்றே தாண்டும். அந்த 576 வரிகளை எட்டு இஞ்சுக்குள் அடைத்தபோது படம் கூர்மையாகத் தெரிந்தது. அதே வரிகளை 27 இஞ்ச் உயரத்துக்கு இழுத்தால் கலங்கலாகத் தெரியாமல் என்ன செய்யும்? கோளாறு புது டிவியில் இல்லை, அதற்குக் கொடுக்கும் சிக்னலில் இருக்கிறது.

ஆகவே டிவி வாங்கும் பட்ஜெட்டோடு எச்டி பாக்ஸையும், எச்டி சேனல்களுக்கான மாதக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். சன், விஜய், ஜீ தமிழ் போன்றவற்றின் எச்டி வடிவங்கள் தனிச் சேனல்கள். எச்டி பாக்ஸ் வைத்துவிட்டாலே அவை தாமாக வந்துவிடாது, பேக்கில் சேர்க்க வேண்டும். எஸ்டி எண்ணிலேயே பழகிய விரல் பழைய சேனலையே அழுத்திக்கொண்டிருக்கும். எச்டி சேனல்களை ஃபேவரைட் பட்டியலில் போட்டு, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கேபிள் வயர். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏவி வயரின் மஞ்சள் முனை எஸ்டி தரத்துக்கு மேல் எதையும் கடத்தாது. எச்டி பாக்ஸும் 4கே டிவியும் வாங்கி, இடையில் பழைய ஏவி வயரை மாட்டியிருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கலாம். எச்டிஎம்ஐ வயர்தான் வேண்டும். செட்டாப் பாக்ஸுக்கும் ஓடிடி ஸ்டிக்குக்கும் சாதாரண விலை வயரே போதும்; தங்க முலாம், விசேஷ உறை என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் படம் கூடுதல் தெளிவாகிவிடாது. பாக்ஸின் செட்டிங்கில் வீடியோ அவுட்புட் 576 என்று இருந்தால் அதை 1080-க்கு மாற்றுவதும் உங்கள் வேலைதான். இன்ஸ்டால் செய்ய வருபவர் படம் தெரிந்ததும் கிளம்பிவிடுவார்.

ஓடிடி பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகமும், ஃபுல் எச்டிக்கு 5 மெகாபிட்டும் பரிந்துரைக்கிறது. இன்றைய பிராட்பேண்ட் திட்டங்களில் இந்த வேகம் சாதாரணம். அது டிவி வரை வந்து சேர்வதுதான் சிக்கல். ரூட்டர் முன்வாசல் அருகே, டிவி இரண்டு சுவர் தாண்டி என்றிருந்தால் லேன் வயர் இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால், ரூட்டர் அருகில் இருக்கும்பட்சத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். சில ஓடிடிகளில் 4கே தரம் உயர்ந்த சந்தாவுக்கு மட்டும்தான். உங்கள் சந்தா எது என்று பாருங்கள். பார்க்காத தரத்துக்குப் பணம் கட்டுவதும், கட்டாத தரத்துக்கு டிவியைக் குறை சொல்வதும் வேண்டாம்.

4கே வேண்டுமா என்ற கேள்வி இன்று பெரும்பாலும் கடையிலேயே தீர்ந்துவிடுகிறது. 43 இஞ்சும் அதற்கு மேலும் நல்ல மாடல்கள் எல்லாம் 4கேதான். உண்மையில் 43 இஞ்ச் திரையை ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கும் சராசரிக் கண்ணுக்கு ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் பிடிபடாது. 55 இஞ்சில் அந்த எல்லை ஏழடி. 8கே டிவிக்கு 3.3 கோடி புள்ளிகள். நம் ஹால்களில், இன்று கிடைக்கும் சேனல்களையும் படங்களையும் வைத்துக்கொண்டு, அதற்குப் பணம் செலவழிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்தை நல்ல பேனலுக்கும் ஒலிக்கும் கொடுங்கள்.

பேனல்: இருட்டைப் பாருங்கள்

கடையில் எல்லாரும் பிரகாசமான காட்சியைப் பார்த்து மயங்குகிறார்கள். பேனலின் தரம் தெரிவது இருட்டில். இரவுச் சண்டைக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, சாம்பலாக வெளுத்திருக்கிறதா? நாயகனின் கறுப்புச் சட்டை மடிப்புகள் தெரிகின்றனவா? நம் படங்களில் பல ஸ்கோப் வடிவில், அதாவது அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்காக எடுக்கப்படுகின்றன. 16:9 திரையில் போடும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வந்து, திரையில் கால் பங்கு காலியாகவே இருக்கும். அந்தப் பட்டைகள் சாம்பலாக மினுங்கினால் படம் முழுக்கக் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். பட்டையை மறைக்க ஜூம் செய்யாதீர்கள். செய்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, ஒளிப்பதிவாளர் சட்டகத்தின் ஓரத்தில் நிறுத்திய ஆளே காணாமல் போவார்.

எல்இடி டிவி என்று நாம் சொல்வது எல்சிடி பேனல்தான்; அதன் பின்னால் எல்இடி விளக்குகள் எரிகின்றன. இதில் இரண்டு முக்கிய வகை. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். நேர் எதிரே இரண்டு மூன்று பேர் உட்காரும் வீட்டுக்கு விஏ. சுவரோரம், சாப்பாட்டு மேசை, அடுப்படி வாசல் என்று நாலா பக்கமும் ஆட்கள் இருந்து பார்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு ஐபிஎஸ். விளம்பரத் தாளில் இந்த வகையைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். கடையில் டிவிக்கு நேராகவும் பிறகு பக்கவாட்டிலும் போய் நின்று பார்த்தால் கண்ணே சொல்லிவிடும்.

கியூஎல்இடி என்பது அதே எல்சிடியில் நிறத்தைக் கூட்டும் குவான்டம் டாட் படலம் சேர்த்தது. படம் செழுமையாக இருக்கும், கறுப்பு அதனால் மட்டும் ஆழமாகிவிடாது. கறுப்பை ஆழமாக்குவது பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங். மினி எல்இடி டிவிகளில் இந்தப் பகுதிகள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். நடுத்தர விலைக்குச் சற்று மேலே செலவழிக்க முடிந்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே. பகலில் ஜன்னல் திறந்திருக்கும் ஹாலிலும் பிரகாசம் குறையாது.

ஓஎல்இடி வேறு இனம். அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ரசித்துப் படம் பார்ப்பவர்களுக்கு அதற்கு ஈடு இல்லை. ஆனால் காலை காபியிலிருந்து இரவு படுக்கும்வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில் அதை வைக்காதீர்கள். மூலையில் அசையாத லோகோவும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் அதே இடத்தில் எரிந்தால் அந்தத் தடம் திரையில் தங்கிவிட வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கக் கம்பெனிகள் பல ஏற்பாடு செய்திருந்தாலும் அபாயம் முழுதாக நீங்கவில்லை. அப்பாவின் செய்திக்கு ஒரு டிவி, படத்துக்கு ஒரு டிவி என்று வசதியுள்ள வீடானால் கவலையில்லை.

எச்டிஆர் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். எச்டிஆர் படத்தின் பளிச்சிடும் இடங்களைக் காட்ட டிவிக்குப் பிரகாசம் வேண்டும். அதை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். 250, 300 நிட் தரும் மலிவு டிவி எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. 600-க்கு மேல் போனால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

120 ஹெர்ட்ஸ் பேனல் கிரிக்கெட்டுக்கும் கேமுக்கும் உதவும். மோஷன் ரேட் என்றோ வேறு பெயரிலோ போடும் எண்களைப் பேனலின் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல 60 ஹெர்ட்ஸ் டிவிகளின் தாளிலும் அப்படிப் பெரிய எண் இருக்கும். கடையில் கிரிக்கெட் ஓடினால் நின்று பாருங்கள். பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓட, கேமரா பச்சை மைதானத்தின் குறுக்கே திரும்பும்போது திரையில் அழுக்குத் திட்டுகள் போலத் தெரிந்தால் பின்விளக்கு சீராக இல்லை என்று பொருள். பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் 120 ஹெர்ட்ஸோடு எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் கேளுங்கள்.

ஸ்மார்ட் டிவியின் மென்பொருளுக்காக ஒரு டிவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பேனல் பத்தாண்டு உழைக்கலாம். உள்ளே உள்ள சிப்பும் ஆப்களும் அதற்குள் மந்தமாகிவிடும். அப்போது சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கிப் பின்னால் சொருகினால் முடிந்தது.

வசனம் கேட்கிறதா?

மெல்லிய டிவிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை. இருக்கிற சிறு ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பேசுகின்றன. பின்னணி இசை எழும்போது வசனம் முழுகிவிடுகிறது, சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்து வீடு அதிர்கிறது. காது மந்தமாகும் வயதில் உள்ளவர்களுக்கு இது தினசரி வேதனை. டிவி பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை ஒலிக்கு ஒதுக்குங்கள் என்று எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். 65 இஞ்சை விட்டு 55 இஞ்சுக்கு இறங்கி, மிச்சத்தில் சவுண்ட்பார் வாங்கினாலும் வீட்டுக்கு லாபம்.

சவுண்ட்பாரில் பார்க்க வேண்டியது நடுவில் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர் இருக்கிறதா என்பது. 2.1 என்றால் இடது, வலது, ஒரு சப்வூஃபர். 3.1 என்றால் அதோடு நடு ஸ்பீக்கரும் உண்டு. வசனம் புரிய வேண்டும் என்பவர்களுக்கு 3.1 போதும். 5.1 ஹோம் தியேட்டரில் பின் ஸ்பீக்கர்களை வைக்க சோபாவுக்குப் பின்னால் இடம் வேண்டும். சோபா சுவரை ஒட்டியிருக்கும் ஹாலில் அவை பாதிப் பலன்தான் தரும். வாட் கணக்கில் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள். பிஎம்பிஓ என்று போட்டிருக்கும் ஆயிரங்களுக்குப் பொருள் இல்லை. டிவியில் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட்டில் இணைத்தால் ஒரே ரிமோட்டில் சத்தம் கூடும் குறையும். ஓடிடியில் வரும் டால்பி அட்மாஸுக்கு ஏஆர்சியே போதும், இஏஆர்சி தேவைப்படுவது புளூரே பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு.

சுவரும் கரண்டும்

நம் வீடுகளில் டிவியை மிக உயரத்தில் மாட்டுகிறார்கள். பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது என்ற நியாயமான கவலைதான், ஆனால் மூன்று மணி நேரப் படம் முடிவதற்குள் கழுத்து வலித்துவிடும். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி, தரையில் சம்மணமிட்டால் இரண்டரை அடி. திரையின் நடுப்புள்ளி மூன்றிலிருந்து மூன்றரை அடிக்குள் இருக்கட்டும். உயரத்தில் மாட்டியே ஆக வேண்டுமென்றால் முன்பக்கம் சாயும் மவுண்ட் வாங்குங்கள், விஏ பேனலுக்கு அது அவசியம். ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் சுவரில் சாதாரணப் பிளக் போட்டு 20 கிலோவைத் தொங்கவிடக் கூடாது. அதற்குரிய ஆங்கர் இருக்கிறதா என்று மாட்ட வருபவரிடம் முதலிலேயே கேளுங்கள். எதிர்ச் சுவரில் ஜன்னலோ டியூப் லைட்டோ இருந்தால் அது திரையில் அப்படியே தெரியும். மாட்டுவதற்கு முன் ஒரு கண்ணாடியை அந்த இடத்தில் பிடித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

இன்றைய டிவிகள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். வோல்டேஜ் அதற்கு மேல் எகிறும் ஊர்களில் ஸ்டெபிலைசர் வைக்கலாம், மற்ற இடங்களில் நல்ல ஸ்பைக் கார்டு போதும். மின்னலுக்கு இரண்டுமே பாதுகாப்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் டிவி பிளக்கோடு டிஷ் வயரையும் லேன் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். மொட்டை மாடியில் நிற்கும் டிஷ் வழியாக வரும் அதிர்ச்சி பாக்ஸைக் கடந்து எச்டிஎம்ஐ போர்ட்டைச் சுட்டுவிடும்.

வாங்கும் நாளும் முதல் வாரமும்

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று விலை இறங்கும் பருவங்கள் நமக்குத் தெரிந்தவைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால் பழைய விலைப் பட்டியலை வைத்துத் தள்ளுபடியைக் கணக்கிடாதீர்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு மாடல்களின் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உள்ளே பேனல் மாறியிருக்கலாம். மாடல் எண்ணை முழுதாக எழுதி ஒப்பிடுங்கள். உங்கள் ஊரில் அல்லது அடுத்த ஊரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் உண்டா என்று பணம் கட்டும் முன் விசாரியுங்கள். வாரண்டி முடிந்தபின் பேனல் போனால் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கும் என்பதால், பேனலுக்குக் கூடுதல் ஆண்டுகள் தரும் மாடலுக்குச் சற்று அதிகம் கொடுக்கலாம். எறும்போ பல்லியோ புகுந்து கெட்டால் வாரண்டி பொதுவாகச் செல்லாது.

டிவி வந்ததும் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து படம் வரும்வரை செல்போனில் வீடியோ எடுங்கள். முதலில் ஆன் செய்யும்போது வீடா, கடையா என்று கேட்டால் வீடு என்று தேர்ந்தெடுங்கள். பிக்சர் மோடில் விவிட், டைனமிக் இரண்டையும் விட்டுவிட்டு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்குப் போங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பிறகு மனிதத் தோல் மனிதத் தோலாகத் தெரிவது பிடித்துப்போகும். ஷார்ப்னஸைக் குறையுங்கள். படம் பார்க்கும்போது மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை அது இடையில் புதுப் பிரேம் சேர்த்து, சீரியல் போல வழுவழுப்பாக்கிவிடும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு யூடியூபில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத் திரை ஒற்றை நிறம் காட்டும் வீடியோ ஒன்றைப் போட்டு, திரைக்கு அருகே போய் ஒவ்வொரு நிறத்திலும் செத்த புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வரும்போது அறை விளக்கை அணைத்து, மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். மாற்றிக் கொடுப்பதற்குக் கடையோ ஆன்லைன் தளமோ வைத்திருக்கும் கெடு சில நாட்கள்தான். இந்தச் சோதனையை அன்றைக்கே முடித்து, குறை இருந்தால் படம் எடுத்து, அன்றே புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்கிவிடுங்கள். அட்டைப் பெட்டியையும் உள்ளிருந்த தெர்மாகோலையும் அந்தக் கெடு முடியும்வரை பரணில் வையுங்கள்.